அஞ்செட்டியில் மட்டும் ஸ்டார்ட் ஆகாத கார்

போன கார்த்திகையில் தொடங்கித் தை வரைக்கும் ஏறக்குறைய எல்லாச் சனிக்கிழமையும் ஓசூரிலிருந்து அஞ்செட்டிக்குக் கார் ஓட்டியிருக்கிறேன். ஊர் சுற்றப் போகவில்லை. என் மனைவி ரேவதி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். அந்த வீடு அஞ்செட்டியைத் தாண்டி இரண்டு கிலோமீட்டரில், மேட்டில் இருக்கிறது. அந்த மலைப் பாதையில் பழைய காரில் போகலாமா என்று இந்த வலைப்பூவில் அடிக்கடி கேட்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். திரும்பி வருவதுதான் என் விஷயத்தில் சிக்கலாகிவிட்டது.

என்னுடையது பதினைந்து வருஷத்து டீசல் கார். நான் ஓசூர் சிப்காட்டில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதகன். வருகிற பொருள் எல்லாமே மோசம் என்று நினைத்துக்கொண்டு ஆரம்பிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் புத்தி கம்பெனி கேட்டோடு நிற்பதில்லை. காய்கறிக்காரரின் தராசைக் கூட ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் தக்காளி எடுப்பேன்.

பாதையைச் சொல்லிவிடுகிறேன். ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை சுமார் 25 கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். டீ, வடை, பாத்ரூம் எல்லாம் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து அஞ்செட்டிக்குச் சுமார் 30 கிலோமீட்டர், பெரும்பாலும் காட்டு வளைவுகள், ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. இருட்டுவதற்குள் தாண்டிவிடுங்கள். யானை ரோட்டில் நின்றால் ஹாரன் அடிக்காமல் தள்ளி நிறுத்திக் காத்திருங்கள். பஸ் குறைவு என்பதால் சொந்த வண்டியை நம்பித்தான் எல்லாம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கார் மக்கர் செய்தது. நல்ல குளிர். சாவியைத் திருப்பினால் இஞ்சின் தெம்பாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. ஆக, பேட்டரி மேல் குற்றமில்லை. கால் மணி நேரம் போராடிய பிறகு இருமிக்கொண்டு பிடித்தது. ஒரு தடவை பிடித்துவிட்டால் அன்று முழுவதும் தொட்டதும் ஸ்டார்ட் ஆகும்.

வலி வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் கூட்டி வாருங்கள் என்று ஓசூர் டாக்டரம்மா சொல்லியிருந்தார். ரேவதிக்கு ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது. மலையேறி ஆம்புலன்ஸ் வருவதற்குள் என்ன வேண்டுமானாலும் ஆகலாம். கடைசிப் பத்து நாள் லீவு போட்டு, காரோடு அங்கேயே இருப்பது என்பதுதான் எங்கள் திட்டம். அந்தக் கார் விடிகாலையில் காலை வாரினால்?

முதல் சந்தேகம் டீசல் மேல். ஓசூரில் பலரைப் போல நானும் கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் போய்த்தான் டீசல் போடுவேன், கொஞ்சம் மலிவு. பெட்ரோல் பங்கை மாற்றினேன், பலனில்லை. அடுத்து, இஞ்சினைக் குளிரில் சூடேற்றும் குளோ பிளக்குகள். நான்கையும் கழற்றிச் சோதித்தேன், நான்கும் நன்றாகச் சிவந்தன. ஓசூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காரைத் தொடாமலே, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களை மாற்ற இருபத்தெட்டாயிரம் என்றார்கள். கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

கிருஷ்ணகிரி ரோட்டில் குருபரப்பள்ளி தாண்டி லாரிகளைப் பார்க்கும் ஒரு மெக்கானிக் இருக்கிறார் என்றார்கள். போனேன். அவர் பானட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"சூடா கொண்டாந்து நிறுத்துனா நான் என்னத்த பாக்கறது சார்? நைட்டு வண்டிய இங்கயே உட்டுட்டுப் போங்க. காத்தால வாங்க."

முன்பின் தெரியாத ஷெட்டில் ராத்திரி முழுக்கக் காரை விடுவதா? பேட்டரியை மாற்றிவிட்டால்? நான் காருக்குள்ளேயே படுத்துக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனார். காலையில் சாவியைத் திருப்பினால் முதல் திருப்பிலேயே ஸ்டார்ட்! "நல்லா இருக்கற வண்டிக்கு என்ன வைத்தியம் பண்ண சொல்றீங்க?" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். ஓசூரில் ஸ்டார்ட் ஆகிறது, குருபரப்பள்ளியில் ஆகிறது. அஞ்செட்டியில் மட்டும் ஆகவில்லை. அப்படியென்றால் அங்கே யாரோ கை வைக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ, மாதேஷ்தான். ரேவதியின் தம்பி. தக்காளி ஏற்றும் பிக்கப் வண்டி வைத்திருக்கிறான், அதுவும் டீசல். சாட்சிகளும் வரிசையாகச் சேர்ந்தன. அஞ்செட்டி பஸ் ஸ்டாண்டில் டீசல் முள்ளை செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனேன். மறுநாள் காலை வாசலில் பார்த்தால் முள் ஒரு கோடு இறங்கியிருந்தது. விடியுமுன் முற்றத்தில் காலடிச் சத்தம். பிறகு பிக்கப்பை ஸ்டார்ட் செய்து, பத்து நிமிஷம் ஓடவிட்டு, அணைத்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமை லோடும் கிடையாது, எதற்கு இது? காபி கொண்டுவந்து கொடுக்கும்போது கையில் டீசல் வாடை. பிக்கப்பின் சீட்டுக்குப் பின்னால் ஒரு கேனும் ரப்பர் குழாயும் இருந்தன. இதற்கு மேல் என்ன வேண்டும்?

கேட்கவில்லை. மச்சினனிடம் டீசல் திருடினாயா என்று எப்படிக் கேட்பது? நானூற்றைம்பது ரூபாய்க்குப் பூட்டு வைத்த டேங்க் மூடி வாங்கி மாட்டினேன்.

"எதுக்குங்க பூட்டு?" என்றாள் ரேவதி.

"மண்ணு விழுது."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். மாதேஷும் பார்த்தான். "நல்ல மூடியா இருக்குது மாமா" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் காலை பூட்டு பூட்டியபடியே இருந்தது, சாவி என் சட்டைப் பையில். ஆனால் முள் ஒரு கோடு கீழே. காரும் ஸ்டார்ட் ஆகவில்லை. வெகுநேரம் மல்லுக்கட்டிக் கிளப்பி, சமதளமான ரோட்டுக்கு வந்ததும் முள் தானாகப் பழைய இடத்துக்கு ஏறியது. வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். அந்த வாசல் ஒரு சரிவு. நான் எப்போதும் முன்பக்கம் மேலே பார்க்கத்தான் நிறுத்துவேன். டேங்கில் டீசல் ஒருபக்கம் சாய்ந்தால் முள் வேறென்ன காட்டும்?

அந்த வாரம் ஓசூரில் எங்கள் அடுக்குமாடியின் கார் இறங்கும் சரிவில் சோதித்தேன். மேலே பார்த்து நிறுத்தினால் காலையில் மக்கர். கீழே பார்த்து நிறுத்தினால் ஒரே திருப்பு. மறுபடி குருபரப்பள்ளி. விஷயத்தைச் சொன்னதும் மெக்கானிக் டீசல் பில்டர் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குழாயை மாட்டி, உள்ளே குமிழி ஓடுவதைக் காட்டினார்.

"டீசல் ஓஸ் மயிரிழையா விரிசல் உட்டிருக்குது சார். மூஞ்சி மேல பாத்து நிறுத்துனா அதுல காத்து பூந்து, நைட்டெல்லாம் டீசல் பின்னாடி டேங்குக்கே எறங்கிடுது. குளிருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

ஓஸும் கூலியும் அறுநூற்றைம்பது ரூபாய், ஒரு மணி நேர வேலை.

பழைய டீசல் காரில் மலைப்பக்கம் போகிறவர்கள் இதை மட்டும் மனதில் வையுங்கள். காலையில் இஞ்சின் சுற்றும்போது புகைபோக்கியைப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, சூடு போதவில்லை. குளோ பிளக்கைப் பாருங்கள். புகையே இல்லையென்றால் டீசலே போகவில்லை. பில்டர் மேலே கைப்பம்பு இருந்தால் அது கெட்டியாகும்வரை அழுத்திவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால் குறை காற்றுதான். ஊருக்கு வரும்வரை கார் முகம் கீழே பார்க்க நிறுத்துங்கள். நான் முதல் நாளே புகையைப் பார்த்திருக்க வேண்டும். ஆளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

லீவு போட்டு அஞ்செட்டிக்குப் போனேன். வேண்டுமென்றே மேலே பார்த்து நிறுத்தினேன். தினமும் ஒரே திருப்பில் ஸ்டார்ட். ஆனாலும் மாதேஷ் விடியுமுன் எழுந்து பிக்கப்பை ஓடவிடுவது நிற்கவில்லை. கார் குற்றவாளி என்று தெரிந்த பிறகும் எனக்கு அது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

நான்காம் நாள் விடிகாலை ரேவதிக்கு வலி கண்டது. ஓடிப்போய்க் காரை ஸ்டார்ட் செய்தேன். பக்கத்தில் பிக்கப் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. முன் சீட்டில் மெத்தையும் தலையணையும் போட்டிருந்தது.

"அவன் ஒன்றரை மாசமா இப்படித்தாங்க" என்றாள் ரேவதி, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு. "முதல் தடவை உங்க கார் நின்னுச்சுல்ல, அன்னையில இருந்து. நைட்டெல்லாம் அரைத் தூக்கம், விடியறதுக்குள்ள பிக்கப்ப ஓடவிட்டுப் பாத்துக்குவான். வழியில நின்னுடக் கூடாதுன்னு கேன்ல டீசல் வேற. மாமாகிட்ட சொன்னா கொறையா எடுத்துக்குவாருன்னு, என்னையும் சொல்ல வேணாம்னுட்டான்."

எனக்கு மூஞ்சி எரிந்தது. அதற்கெல்லாம் அப்போது நேரமில்லை.

"கார்ல குலுங்காது, அதுலயே போங்க மாமா" என்றான் மாதேஷ். "நான் பின்னாடியே வரேன்."

ஓசூர் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தான். காட்டு வளைவுகளில் அவன் விளக்கு கண்ணாடியில் தெரியாமல் போகும்போதெல்லாம் நான் வேகத்தைக் குறைத்தேன்.

மதியத்துக்கு முன்பே பெண் குழந்தை. இருவரும் நலம் என்றார்கள். மாதேஷிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று வண்டி நிறுத்துமிடத்துக்கு ஓடினேன். பிக்கப்பின் கதவு திறந்திருந்தது. ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து, அப்படியொரு தூக்கம். வெயில் அவன் முகத்தில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. எழுப்ப மனம் வரவில்லை. அந்த வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவன் எழும்வரை அங்கேயே நின்றேன்.