ஓட்னியின் ஈஸ்டும் என் குழாயும்

நீங்கள் செய்துகொடுத்த ஒன்று பழுதாகி, பழி வேறொருவர் மேல் விழுந்தபோது நீங்கள் வாயைத் திறந்தீர்களா? நான் திறந்தேன். அந்தப் பழியை அவள் தலையில் இன்னும் அழுத்தி வைப்பதற்காக.

அவள் பெயர் ஓட்னி. வோஸ் என்ற ஊரின் மலைச்சரிவில் எங்கள் வீட்டுக்கு அடுத்து மேலே இருப்பது அவள் வீடு. வயது அறுபத்தொன்று. குளிர்காலத்தில் நகராட்சியின் பனி தள்ளும் வண்டியை ஓட்டுகிறாள். மற்ற மாதங்களில் அதே வண்டியைத் திட்டிக்கொண்டே பழுது பார்க்கிறாள். விவாகரத்தின்போது கணவனிடம் அவள் கேட்டு வாங்கிய ஒரே பொருள் ஒரு செப்பு அண்டா. எங்கள் சரிவில் பதினோரு வீட்டுக் கிறிஸ்துமஸ் பீரும் அந்த அண்டாவில் காய்ச்சியதுதான். தாய்வழி வந்த ஈஸ்டை ஒரு மர வளையத்தில் உலர்த்தி வைத்திருப்பாள். யார் வந்து கேட்டாலும் கொஞ்சம் கொடுப்பாள்.

போன ஆண்டு இலையுதிர்காலத்தில் அவளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. முளைகட்டிய பார்லியை ஊறவைத்து எடுக்கும் மால்ட் சாற்றைச் சுடச்சுட வாளியில் தூக்க முடியவில்லை. எனக்கு நகராட்சித் தண்ணீர் நிலையத்தில் வேலை. பம்பு, குழாய், தண்ணீர்ச் சோதனை, இவைதான் என் பிழைப்பு. நான் செய்து தருகிறேன் என்றேன்.

மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்தேன். ஒரே பம்ப். அது மால்ட் ஊறும் தொட்டியிலிருந்து சாற்றை அண்டாவுக்கு ஏற்றும். காய்ச்சும்போது கொதிக்கும் சாறு அந்தப் பம்பின் வழியாகவே சுற்றி ஓடுவதால் உள்ளே கிருமி தங்காது. காய்ச்சி ஆறிய பிறகு ஒரு வால்வைத் திருப்பினால், ஒரு கிளைக் குழாய் வழியாகச் சாறு பீப்பாய்க்குப் போகும். அந்தக் கிளைக் குழாய் தேவைக்கு மேல் ஒரு முழம் நீளம். பிறகு உதவும் என்று வெட்டாமல் விட்டேன். அது சுவருக்கும் பீப்பாய்க்கும் நடுவே தொய்ந்து தொங்கியது.

முதல் நாள் ஓட்னி எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தாள்.

"தண்ணிக்காரரே, இது பீர் காய்ச்சவா, இல்ல எனக்கு டயாலிசிஸ் பண்ணவா?"

"பேசாம வால்வத் திருப்பு."

பீப்பாயில் ஈஸ்டைப் போடும்போது அவள் தொண்டை கிழியக் கத்தினாள்; கத்தினால்தான் ஈஸ்ட் விழித்துக்கொள்ளும் என்பது இங்கே பழைய நம்பிக்கை. நான் சிரித்தேன். "ஈஸ்டுக்குக் காது இருக்கா ஓட்னி?"

"உன் பம்புக்கு இருக்கா? வந்ததுலேர்ந்து தட்டிக் குடுத்துக்கிட்டே நிக்கிற."

அந்தப் பீர் அருமையாக வந்தது. அடுத்தது ஒரு மாதம் கழித்து, பக்கத்து வீட்டு தோர்லைவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு. ஒரே புளிப்பு.

"இத சாலட்ல ஊத்திக்கலாம்" என்றான் தோர்லைவ். இருபது பேர் சிரித்தார்கள். ஓட்னி மட்டும் என்னைப் பார்த்தாள்.

"ஈஸ்ட் பழசு. புதுசா வந்தது குழாய்தானே. அதுல ஏதாச்சும் இருக்குமோ?"

சரியான கேள்வி. ஒரு விஞ்ஞானி கேட்க வேண்டிய கேள்வி. நான் சொன்ன பதில் இது: "குழாயெல்லாம் புத்தம்புதுசு. உன் மர வளையத்தப் பாரு, எத்தன வருஷத்து அழுக்கு. அதுதான் கெட்டுப்போச்சு."

எல்லோரும் தலையாட்டினார்கள். தண்ணீரைச் சோதிக்கிறவன் சொன்னால் போதாதா? ஒரு பக்கம் வால்வும் வரைபடமும் வைத்திருக்கிற ஆண். மறுபக்கம் மர வளையமும் கத்தலும் வைத்திருக்கிற பெண். யார் தவறு என்பது மேசையில் உட்காரும் முன்பே முடிவாகியிருந்தது. ஊரெல்லாம் ஆதாரம் ஆதாரம் என்று பேசித் திரிந்த நான் அன்று ஒரு சொட்டைக்கூடச் சோதிக்கவில்லை.

அன்று மாலையே ஓட்னி வளையத்தை அடுப்பில் போட்டாள். அந்தக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு டப்பா பீரைக் கடையில் வாங்கி வந்தான் தோர்லைவ். ஓட்னி விருந்துக்கு வந்து ஒரு காப்பி குடித்துவிட்டுச் சீக்கிரமே எழுந்து போனாள்.

ஏப்ரலில் வால்வை மாற்றப் போனபோது அந்தக் கிளைக் குழாயைக் கழற்றினேன். தொய்ந்த இடத்தை வெட்டினால், உள்ளே சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஒரு படலம்; காடி நாற்றம். முதல் பீரின் மிச்சம் அங்கேயே தேங்கி நின்றிருக்கிறது. கொதிக்கும் சாறு எட்டாத ஒரே இடம் அதுதான். நிலையத்துக்குக் கொண்டுபோய் மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். குச்சி குச்சியாகக் கிருமிகள்.

ஒன்பது நாள் வாய் திறக்கவில்லை. பத்தாம் நாள் போனேன். அவள் பனிவண்டிக்கு அடியில் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

"அன்னிக்குச் சோதிச்சுப் பாத்தியா?"

"இல்ல."

"மைக்ரோஸ்கோப் உன் மேசை மேலதான இருக்கு?"

"ஆமா."

அவள் அடுத்த மூட்டுக்குக் கிரீஸ் அடித்தாள்.

"நான் கத்துனதுக்கு நீ சிரிச்ச. நீ சொன்னத நான் அப்படியே நம்புனேன். ரெண்டுல எது மூடநம்பிக்கை, நீயே சொல்லு தண்ணிக்காரரே."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"எங்கிட்ட கேக்காத. இருபது பேர் முன்னாடி சொன்னல்ல? அங்க போய்ச் சொல்லு."

தோர்லைவ் வீட்டில் அதே இருபது பேரைக் கூட்டிச் சொன்னேன். "சரி விடுப்பா, பீர்தானே" என்றான் தோர்லைவ். பிறகு, அவளிடம் முன்பு ஈஸ்ட் வாங்கி வைத்திருந்த மூன்று வீடுகளில் கேட்டேன். மூன்று வீட்டிலும் இல்லை. மூவருமே தூக்கிப் போட்டிருந்தார்கள். "கெட்டுப்போச்சுன்னு நீதானே சொன்ன?"

அண்டா இன்னும் கவிழ்ந்தே கிடக்கிறது. வேறு ஈஸ்டில் காய்ச்ச அவள் தயாராக இல்லை. அவளை வற்புறுத்த எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் முப்பது ஆண்டுகளாகக் கோடையில் இந்த வழியே வந்த எத்தனையோ பேருக்கு அவள் சிறு காகிதப் பொட்டலத்தில் ஈஸ்ட் கொடுத்தனுப்பியிருக்கிறாள். பொட்டலத்தின் மேல் அவள் பெயரை நீலப் பென்சிலால் எழுதியிருப்பாள். உலர்ந்த ஈஸ்ட் ஃப்ரீசரில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

உங்கள் வீட்டு ஃப்ரீசரை ஒருமுறை திறந்து அடிவரைக்கும் பாருங்கள். அந்தப் பொட்டலம் இருந்தால், ஒரு தேக்கரண்டி போதும், ஓட்னிக்கு அனுப்பிவையுங்கள். என் பெயருக்கு அனுப்பாதீர்கள். அவள் பெயருக்கு.