சுவருக்கு அந்தப் பக்கம் மார்ஜரி

மழையில் நனைந்த தோல் பந்துக்கென்று ஒரு வாசனை உண்டு; விளக்கெண்ணெயும் மாட்டுத்தோலும் ஈர மண்ணும் கலந்த அந்த வாசனையை நான் முதன்முதலில் முகர்ந்தது, யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், பட்டாபிராம் ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்வெளியில்தான். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர். அந்தப் பக்கம் பால் ஊற்றப் போகும் அம்மாவோடு நானும் போவேன். அங்கே ரயில்வே கார்டு ஒருவரின் மகள் மார்ஜரி, எங்கள் ஊரார் "சட்டைக்காரங்க" என்று சொல்லும் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்துப் பெண், பட்டாளத்துக்குப் போய்விட்ட அண்ணனின் பந்தைத் தனியாக உதைத்துக்கொண்டிருப்பாள். அவளுக்கும் என் வயதுதான். வீட்டு ஆயாவிடம் கற்ற தமிழில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டாள்.

"இன்னா பாத்துகினே கீறே? வந்து உதை."

பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு வெறுங்காலால் உதைத்ததில் கட்டைவிரல் வீங்கிப்போனது. அப்பாவிடம் கல் இடறியதாக அம்மா சொல்லிவைத்தாள். அன்று முதல் பால் ஊற்றி முடிகிறவரை எங்களுக்கு "புட்பாலு"தான். அவள் பெயர் என் வாயில் "மாச்சேரி" ஆயிற்று. கோல் போட்டால் ஓடிவந்து கட்டிக்கொள்வாள். எங்கள் வீட்டில் அப்படி யாரும் யாரையும் கட்டிக்கொண்டதில்லை என்பதால் முதல் தடவை நான் மரம் மாதிரி நின்றேன்.

மறு வருஷம் நான் பெரியவளானேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய கையோடு அப்பா, "இனிமே ஊட்டுக்குள்ளவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். தேடி வந்த மார்ஜரியை அம்மா வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். அன்று சாயங்காலம் நான் மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தபோது, கொல்லைச் சுவரைத் தாண்டிப் பந்து வந்து வைக்கோலில் விழுந்தது. திருப்பி உதைத்தேன். வெளியே அவள் சிரிப்பது கேட்டது. அதற்குப் பிறகு எங்கள் ஆட்டமெல்லாம் அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டுதான். முகம் பார்க்காமலே மாதக்கணக்கில் ஆடினோம்.

ஒருநாள் பந்து வழக்கத்தைவிட வேகமாக வந்து கொட்டகைத் தூணில் மோதியது. உதைத்தேன், உடனே திரும்பி வந்தது. மறுபடியும் உதைத்தேன். சுவருக்கு அப்பால் அவள் மூச்சு அடைத்து அடைத்து வருவது கேட்டது.

"மாச்சேரி, இன்னா ஆச்சு? அழுவுறியா?"

"ஒண்ணும் இல்ல. நீ உதை."

உதைத்தேன். இருட்டி, பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகிறவரை அவள் விடவில்லை.

காலையில் பால் ஊற்றிவிட்டு வந்த அம்மா சொல்லித்தான் தெரிந்தது: பர்மாச் சண்டையில் அவள் அண்ணன் செத்துப்போனதாகத் தந்தி வந்திருக்கிறது. ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வயசுக்கு வந்த பெண் வேற்று மதத்துச் சாவு வீட்டுக்குப் போனால் ஊர் என்ன பேசும் என்று கேட்டுவிட்டு அவர் ஏரோட்டப் போய்விட்டார். அதன்பின் அவள் கொல்லைப் பக்கம் வரவில்லை. தினமும் தவிடு கலக்கும் சாக்கில் இருட்டும்வரை அங்கேயே நின்றேன். சில வாரங்களில் குவார்ட்டர்ஸ் வீடு பூட்டிக் கிடப்பதாக அம்மா வந்து சொன்னாள். கார்டுக்கு மாற்றல் வந்துவிட்டதாம், எந்த ஊருக்கு என்று யாருக்கும் தெரியவில்லை.

இன்று அந்தக் குவார்ட்டர்ஸ் வரிசை இல்லை. எங்கள் வயல்கள் மனைகளாகிவிட்டன; "சட்டைக்காரங்க" என்றால் யாரென்று என் பேத்திகளுக்குத் தெரியாது. ரயிலில் கவுன் போட்ட கிழவி யாரையாவது கண்டால் மட்டும் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சின்ன வயதில் எந்த ஊரில் இருந்தீர்கள் என்று கேட்பேன். பெரம்பூர் என்பார்கள், அரக்கோணம் என்பார்கள். பட்டாபிராம் என்று இதுவரை ஒருத்தியும் சொன்னதில்லை.