அண்ணனுக்கு நான் கொடுத்த இரண்டு தந்திகள்

நல்லேப்பிள்ளியில் நெல் விவசாயக் குடும்பத்தில் மூத்த மகனாகப் பிறந்த எங்கள் அண்ணன், அப்பா இறந்த வருடமே பட்டாளத்தில் சேர்ந்தார். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். சபையில் பேச வராது. அதனால் அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவுக்கு இதை எழுதிக் கொடுக்கிறேன்.

எழுபதுகளில் பட்டாளத்தில் கேட்ட நேரத்தில் லீவு கிடைக்காது. "தாய் கவலைக்கிடம், உடனே வா" என்று தந்தி கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அண்ணனுக்குப் பெண் அமைந்தபோது நானும் கொடுத்தேன். அண்ணன் வந்தார், கல்யாணம் முடிந்தது. அம்மாவிடம் தந்தியைப் பற்றிச் சொல்லவில்லை.

அண்ணன் திரும்பிய பிறகு, தந்தி உண்மைதானா என்று பட்டாளம் கேட்டதால் ஒரு போலீஸ்காரர் விசாரிக்க வந்தார். அம்மா அவருக்கு மோர் கொடுத்து, "எனக்கென்னங்க நோவு? காத்தால இருந்து நாத்து நட்டுப்போட்டு இப்பத்தான் ஊட்டுக்கு வாரனுங்க" என்றார்கள்.

முகாமில் அண்ணன் பட்டதை, அவரோடு பட்டாளத்தில் இருந்த வண்டிப்பெரியாறு ஊர்க்கார நண்பர் போன வருடம் அண்ணனின் காரியத்துக்கு வந்தபோதுதான் சொன்னார். மணல் மூட்டையை முதுகில் கட்டி உச்சி வெயிலில் மைதானத்தைச் சுற்றி ஓட விட்டார்களாம். ஒரு மாதம் கக்கூஸ் கழுவினாராம். அதற்குப் பிறகும் தினமும் காலை அணிவகுப்பில் ஹவில்தார், "சாகக் கிடந்த அம்மா சௌக்கியமா?" என்று கேட்பார். "சௌக்கியம் சாப்!" என்று அண்ணன் கத்த வேண்டும். சத்தம் குறைந்தால் இன்னொரு சுற்று ஓட்டம். எங்களுக்கு வந்த கடிதங்களில் சாப்பாடு நன்றாக இருக்கிறது என்றுதான் எழுதியிருந்தார்.

மறு வருடம் அம்மா வயலில் மயங்கி விழுந்தார்கள். எனக்குத் தெரிந்த வாசகம் அது ஒன்றுதான். அதையே மறுபடியும் கொடுத்தேன்.

"ஹவில்தார் அந்தத் தந்திய எல்லார் முன்னாலயும் படிச்சாருப்பா," என்றார் நண்பர். "'இந்த வருசமும் சாகப்போறாளா?'ன்னாரு. மொத்தப் பேரும் சிரிச்சோம். ஒங்கண்ணனும்தான் சிரிச்சான்."

அண்ணன் லீவே கேட்கவில்லை. "தம்பி, இனிமேல் அம்மாவைச் சாகடிக்காதே, என் முதுகு தாங்காது" என்று எழுதினார். அம்மாவின் காரியத்தன்று அந்தக் கடிதம் கைக்கு வந்தது.

நான் எழுதிய பதிலைப் பார்த்துவிட்டு வந்தவர், என்னைத் திட்டவில்லை. "அம்மா என்னையக் கேட்டுச்சாடா?" என்றார்.

"இல்லீங்ணா. நெனவே இல்லீங்."

"அப்பச் செரி."

பென்ஷனில் வந்து வயலைப் பார்த்தார். என் பிள்ளைகளையும் படிக்க வைத்தார். கடைசி மாதங்களில் மருத்துவமனையில் மாறி மாறிக் கூட இருந்த உறவினர்களுக்கும், அந்த வயதில் மலையிறங்கி வந்த நண்பருக்கும் நானும் அண்ணியும் கடமைப்பட்டிருக்கிறோம்.

அண்ணனிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குக் கடைசி வரை நினைவு இருந்தது. விழுந்து படுக்கையில் கிடந்த மூன்று நாளும், ரோட்டில் பஸ் நிற்கும் சத்தம் கேட்டபோதெல்லாம், "பெரியவன் எறங்கறானா பாரு" என்றார்கள். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அடுத்த பஸ்ஸில் வருவார் என்று சொன்னேன்.