சிவப்பு விளக்குக்கு அப்புறம் பதின்மூன்று கிலோமீட்டர்

ரிங்லெட் என்ற மலையூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேன் ஓட்டுபவர் நாகரத்தினம். இருபத்திரண்டு வருடத்தில் ஒருமுறைகூட டீசல் எண்ணெய் தீர்ந்து அவர் வண்டி வழியில் நின்றதில்லை. எண்ணெய் குறைந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்ததும் பதறிப்போய் எண்ணெய் ஊற்றியதும் இல்லை. விளக்கு எரிந்தால் ஆறு லிட்டர் மிச்சம், லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர், மேட்டில் பாதி என்பார். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியே தன் காரில் விளக்கு எரிந்தால் அவரிடம்தான் கேட்பார்.

பள்ளி விடுமுறைச் சனிக்கிழமை அது. மலைச்சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த சசிரேகாவைக் குளவிகள் கொட்டிவிட்டன. முகம் வீங்கி, மூச்சு இழுத்தது. தொழிற்சாலையிலிருந்து ஓடிவந்த அவள் கணவன் புனிதன், அவளைத் தூக்கி வேனில் கிடத்தினான். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு மேட்டுப்பாதை.

விளக்கு முதல் நாளே எரிந்திருந்தது. ரிங்லெட் எண்ணெய் நிலையத்தில் சுற்றுலாக் கார்கள் சாலைவரை நின்றன.

"அண்ணே, எண்ண போட்டுட்டுப் போலாம் லா. முன்னால விடச் சொல்லி நான் கேக்குறேன்."

"பதிமூணு கிலோமீட்டர்தான் தம்பி. இன்னும் பத்தொம்பது ஓடும். எனக்குத் தெரியாதா?"

ஏழாவது கிலோமீட்டரில் கார்கள் அசையாமல் நின்றன. மூக்கு வானத்தைப் பார்க்க, வேன் நாற்பது நிமிடம் உறுமிக்கொண்டே நின்றது. நின்ற இடத்தில் எஞ்சின் குடிக்கும் எண்ணெயை நாகரத்தினம் என்றைக்கும் கணக்கில் சேர்த்ததில்லை. ஒரு வழியாகக் கார்கள் நகர்ந்தபோது வேன் இரண்டு முறை இருமி அடங்கியது.

புனிதன் மனைவியை முதுகில் சுமந்து கார்களுக்கு நடுவே ஓடினான். சிலர் கண்ணாடியை இறக்கிக் கைப்பேசியில் படம் பிடித்தார்கள். ஒரு மலாய்க் குடும்பம் பிள்ளைகளை இறக்கிவிட்டு இடம் கொடுத்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அவளுக்கு உயிர் இல்லை. அரை மணி முன்னால் வந்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்ன செய்தி, பிணத்துக்கு முன்பே தொழிலாளர் லைன் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது.

நாகரத்தினத்தை யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை என்று அவர் தன் மனைவியிடம் சொன்னாராம். அடக்கம் முடிந்து அவர் கை கூப்பி நின்றபோது, புனிதன் சத்தம் போடாமல் கேட்டான்:

"உங்க கணக்குல ஆறு கிலோமீட்டர் மிச்சம் இருந்துச்சே அண்ணே. அது எங்க?"

வேலையை விட்டுவிடுகிறேன் என்று அவர் தோட்ட மேலாளர் துரையிடம் போனார். பெரிய வண்டி லைசென்ஸ் வேறு யாரிடமும் இல்லை, ஆள் கிடைக்கும்வரை ஓட்டு என்று சொல்லிவிட்டார் துரை. எட்டு மாதமாகியும் ஆள் கிடைக்கவில்லை.

கொழுந்து பறிக்கும் பெண்கள் அந்த வேனில் ஏறுவதில்லை. மழையிலும் கூடையைச் சுமந்து மூன்று கிலோமீட்டர் நடக்கிறார்கள். வேன் கொழுந்து பறிக்கும் மலைக்காட்டுக்குப் போயே ஆகவேண்டும் என்பது உத்தரவு. காலியான வேனை முதல் கியரில் உருட்டிக்கொண்டு நாகரத்தினம் பின்னால் வருகிறார். அவர் முந்திவிடாதபடி சசிரேகாவின் தங்கை தனுஜா நடுச்சாலையில் நடக்கிறாள், மிக மெதுவாக.