ஓனர் ஒளிந்துகொண்ட வாரம்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் நாலு பேர். பீனியாவில் ஒரு கம்பெனியின் மேனேஜர், ஹெச்.ஆர். பெண், நான், என் மனைவி. இன்டர்வியூவுக்கு யாராவது மனைவியைக் கூட்டிப் போவார்களா என்று கேட்காதீர்கள். தனியாக அனுப்பினால் கேட்டைப் பார்த்ததுமே நான் திரும்பிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

என் வேலை ஆர்கான் வெல்டிங். ஓட்டல் சமையலறை மேஜை, பால் டேங்க் மாதிரி ஸ்டீல் சாமான்களை ஒட்டுகிற வேலை. பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்டவன். லிங்கராஜபுரத்தில் ஒரே பட்டறையில் பதினாறு வருஷம், சம்பளம் இருபத்திநாலாயிரம். மகளுக்கு நர்சிங் இரண்டாம் வருஷ ஃபீஸ் முப்பத்தைந்தாயிரம், மாதக் கடைசிக்குள் கட்டியாக வேண்டும். அதற்காகத்தான் இரண்டு பஸ் மாறி அங்கே போனது.

பின்னால் தெரிந்து விரட்டுவதைவிட முதலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன்.

"மேடம், நான் எட்டாவது ஃபெயில்."

"பரவாகில்லா சார்," என்றாள் அந்தப் பெண் கன்னடத்தில், டைப் செய்துகொண்டே.

"இங்கிலீஷ் வராது. டிராயிங்ல படம் புரியும், எழுத்து புரியாது."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இருபத்தெட்டு குடுக்கலாம்," என்றார் மேனேஜர். ஓசூர்க்காரர், தமிழ் நன்றாக வந்தது.

சம்பளத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. பயத்தில் இன்னொன்றும் வெளியே வந்துவிட்டது. "இடது கண்ணுல கொஞ்சம் மங்கல் சார்."

"சரி, முப்பது. கண்ணாடி கம்பெனி செலவு."

மேஜைக்கடியில் மனைவி என் காலை மிதித்தாள். நிறுத்து என்கிறாளா, இன்னும் சொல் என்கிறாளா, புரியவில்லை.

டெஸ்ட்டுக்கு இரண்டு தகட்டை ஒட்டிக் காட்டினேன். மேனேஜர் "சூப்பர்" என்றார். "இல்ல சார், இங்க ஒரு ஓட்ட இருக்கு. தண்ணி ஊத்துனா கசியும். இத எடுத்துக்காதீங்க," என்றேன். குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். டார்ச் லைட் வந்தது. ஊசிமுனை அளவுக்கு இருந்தது. ஆறு மாசமாக ஆள் தேடுகிறார்களாம். வந்தவர்கள் எல்லாரும் சர்டிபிகேட்டைக் காட்டினார்களாம், ஓட்டையைக் காட்டினவன் நான்தானாம்.

"முப்பத்திரெண்டு. அடுத்த திங்கக்கிழம வந்துடுங்க."

"வர முடியாது சார்." மனைவி மறுபடி காலை மிதித்தாள். இந்த மிதியின் அர்த்தம் புரிந்தது. "பழைய ஓனர்கிட்ட நாப்பதாயிரம் அட்வான்ஸ் வாங்கியிருக்கேன். அதக் கட்டாம வெளிய வர்றது எங்க லைன்ல கெடையாது."

அதையும் அவர்களே கட்டுவதாகச் சொல்லி, ஓனர் பெயருக்கு ஒரு செக்கை நீட்டினார்கள். பாக்கி இல்லை என்று அவரிடம் ஒரு லெட்டர் வாங்கி வந்தால் போதும்.

கடன் வாங்கியவன் ஒளிவதைப் பார்த்திருக்கிறேன். கொடுத்தவர் ஒளிவதை அந்த வாரம்தான் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை பேங்குக்குப் போய்விட்டார். புதன்கிழமை சர்ச். வியாழக்கிழமை முக்கால் மணி நேரம் பாத்ரூம், உள்ளே அவர் போன் அடித்து அடித்து கட் ஆனது. அவரையும் குற்றம் சொல்ல முடியாது. 'ஆர்கான் வெல்டர் தேவை' என்ற போர்டு எட்டு மாசமாகப் பட்டறை கேட்டில் தொங்குகிறது. அதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தவர் ஒரு கொரியர்காரர் மட்டும்தான், அவரும் விலாசம் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மனைவி வந்து பாத்ரூம் கதவுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். எவ்வளவு நேரம்தான் உள்ளே இருப்பார்?

"அண்ணா, செக்கப் புடிங்க, லெட்டரக் குடுங்க."

"கணக்கு நோட்டக் காணோம்மா. எவ்ளோன்னு தெரியாம எப்படி வாங்கறது?"

"நாப்பதாயிரம்ணா. நோட்டு உங்க கக்கத்துலதான் இருக்கு."

கக்கத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பாப்பாவுக்கு ஃபீஸ் எவ்ளோப்பா?"

யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்லிவிடுவது என் வியாதி. "முப்பத்தஞ்சு, ஓனர்."

உள்ளே போய் எண்ணி எடுத்துவந்து மனைவி கையில் வைத்தார். "இந்த மாசத்துலேருந்து சம்பளம் முப்பது."

அவள் இரண்டு தடவை எண்ணினாள். "அங்க முப்பத்திரெண்டு, அண்ணா."

"முப்பத்திரெண்டே வெச்சுக்கோ தாயே," என்றார், போர்டு தொங்கிய கேட்டைப் பார்த்துக்கொண்டே.

செக்கைக் கொரியரில் திருப்பி அனுப்பிவிட்டு, அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து மன்னிப்பு கேட்டேன். பாக்கி ஏறிவிட்டது மேடம் என்றேன்.

"எஷ்டு சார்?"

எவ்வளவு என்று சொன்னேன்.

"பரவாகில்லா சார். அதுக்கும் செக் போடறோம், இருங்க."

பயந்து கட் செய்துவிட்டேன். வாரத்துக்கு ஒருதரம் அந்த நம்பரிலிருந்து போன் வருகிறது. இப்போதெல்லாம் பாத்ரூமுக்குள் போவது நான்தான். ஓனருக்கு இன்னும் தர வேண்டியது எழுபத்தைந்தாயிரம் ரூபாய்.