நடைமேடைக் குடித்தனம்

காலை ஏழு நாற்பத்திரண்டு. தாதர் நிலையத்தின் மத்திய ரயில்வே பக்கம் நான் முதலில் பார்த்தது ஓர் எவர்சில்வர் டப்பாவின் மூடி. அதைத் தட்டுபோல ஏந்தி ஒரு பெண் நின்றாள். அதில் இட்லி இருந்தது. எதிரில் நின்ற ஆள், தூணில் முதுகைச் சாய்த்து, பிட்டுப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தார். இரு பக்கமும் கூட்டம் ஓடியது. தூணின் நிழலளவு இடத்தில் அவர்கள் மட்டும் அசையவில்லை.

அந்தப் பெண் செல்வி. தாராவியில் பிறந்து, கல்யாணத்துக்குப் பின் வாடகை குறைவென்று டோம்பிவிலிக்குப் போனவள். மாட்டுங்காவில் ஒரு காபித்தூள் கடையில் கணக்கு எழுதுகிறாள். தின்றுகொண்டிருந்தவர் அவள் கணவர் தங்கராஜ், அந்தேரியில் ஒரு கிடங்கில் இரவு ஷிஃப்ட். அவள் வேலைக்கு வரும் வழியும் அவர் வீடு திரும்பும் வழியும் தாதரில் குறுக்கிடுகின்றன. மாலையில் அவள் வீடு சேருமுன் அவர் கிளம்பிவிடுவார். அவளுக்கு ஞாயிறு விடுமுறை, அவருக்குச் செவ்வாய்.

மதுரையில் நாளிதழ் ஒன்றில் பல வருடம் உதவி ஆசிரியராக இருந்துவிட்டு, இப்போது செம்பூரில் அறையெடுத்துத் தங்கி, வேலைக்குப் போகும் தம்பதிகளின் குடும்ப உறவைப் பற்றி ஆய்வு செய்கிறேன். வேலைக்கும் வீட்டுக்கும் இடையே சமநிலை எப்படி அமைகிறது என்பது தலைப்பு. குடும்பத்துக்கென்று ஒதுக்கும் நேரம் எது என்று எல்லோரிடமும் கேட்பேன். செல்வி யோசிக்கவே இல்லை. "தாதர்தான்க்கா" என்றாள்.

"கேஸ்காரன் மத்தியானம் வருவான். தூங்கிராதீக" என்றாள் கணவரிடம்.

"தூங்கத்தானட்டி போறேன். பெல் அடிச்சா தொறக்க மாட்டனா?"

"போன மாசம் தொறந்தீகளாக்கும்!"

பக்கத்தில் பூ விற்கும் மராத்திக்காரர் என்னை ஒரு நாள் அருகில் அழைத்தார். "மேடம், யே தோனோ கா ஷாதி கப் ஹை?" இவர்களுக்குக் கல்யாணம் எப்போது என்று கேட்டார். ஆகிவிட்டது, ஒரு பையனும் இருக்கிறான் என்றேன். அவர் நம்பவில்லை. "தோ ஃபிர் கர் மே க்யோ நஹி மில்தே?" அப்படியானால் வீட்டில் ஏன் சந்திப்பதில்லை? என் ஆய்வுக் கேள்விகளில் இவ்வளவு சுருக்கமானது எதுவுமில்லை. மதுரையில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் தினமும் பேருந்து நிலையத்தில் நின்று பேசினால், வீட்டில் என்ன சண்டை என்றுதான் விசாரிப்பார்கள். இங்கே காதல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இந்த ஊர் எனக்குப் பிடித்துப்போனதில் இதற்கும் பங்குண்டு.

மழை தொடங்கிய வாரம் தங்கராஜுக்குப் பகல் ஷிஃப்ட் தருவதாகச் சொன்னார்கள். சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும். நல்ல செய்தி என்றுதான் நினைத்தேன். செல்வியின் முகம் அப்படிச் சொல்லவில்லை.

"சாயங்காலம் ரெண்டு பேரும் வீட்ல இருப்பீங்களே?" என்றேன்.

"வீட்ல இருந்தா டி.வி.யப் பாப்பாவ. இங்கன என் மூஞ்சியத்தான பாக்காவ."

தங்கராஜ் சிரித்துக்கொண்டே டப்பா மூடியைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஸ்கூல்ல டீச்சர், அப்பாவுக்கு என்ன வேலைன்னு கேட்டிருக்காவ, மேடம். எம்மவன் 'சோதே ஹை'ன்னுட்டான். தூங்குதாவளாம். கிளாசே சிரிச்சிருக்கு."

செல்வியும் சிரித்தாள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். டப்பாவை மூடிப் பையில் வைத்தாள். "சரின்னு சொல்லிருங்க" என்றாள். அவருடைய வண்டி வந்துவிட்டது.

என் கணவர் மதுரையில் இருக்கிறார். தினமும் கைப்பேசியில் வீடியோ அழைப்பு போட்டுப் பேசுகிறோம். அவர் அதை மேசைமேல் மல்லாக்க வைத்துவிடுவதால், அவர் முகத்தைவிட எங்கள் வீட்டு மின்விசிறியைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அன்று கைப்பேசியைக் கையில் பிடித்துப் பேசச் சொன்னேன். "எதுக்கு?" என்றார். ஆய்வுக்கு என்றேன். பிடித்துக்கொண்டார். ஊருக்கு எப்போது திரும்பி வருகிறாய் என்று அவர் கேட்கவில்லை; கேட்டிருந்தால், எந்த ஊருக்கு என்று ஒரு கணம் யோசித்திருப்பேன்.

தங்கராஜ் பகல் வேலைக்கு மாறி இரண்டு மாதமாகிறது. மதியம் பள்ளிவிட்டு வரும் பையன் பக்கத்து வீட்டு மராத்தி அக்காவிடம் சாப்பிடுகிறான். மாலையில் அப்பாவோடு கீழே கிரிக்கெட் ஆடுகிறான். வகுப்பில் அப்பாவின் வேலையைத் திருத்திச் சொல்லிவிட்டானாம். தங்கராஜ் சற்றுச் சதைபோட்டிருக்கிறார். செல்வி இரவில் ஒரு மணி நேரம் அதிகம் தூங்குவதாகச் சொன்னாள்.

காலையில் இருவரும் டோம்பிவிலியிலிருந்து ஒரே வண்டியில் வருகிறார்கள். அவள் மகளிர் பெட்டியில் ஏறுகிறாள், அவர் பொதுப் பெட்டியில். தாதரில் இறங்கியதும், தூணருகே நிற்காமல், அவள் கிழக்கு வாசலுக்கும் அவர் அந்தேரி வண்டி பிடிக்க மேற்கு ரயில்வே பக்கப் பாலத்துக்கும் போகிறார்கள்.