மிளகளவு படிகமும் ஒரு திருகாணியும்

ஆய்வகத்தின் தூசற்ற அறைக்கு வெளியே, சுவரில் பதித்த பீங்கான் தொட்டி ஒன்று இருந்தது. தினமும் காலையில் அதன் குழாயடியில் நெற்றியைக் கழுவிவிட்டே உள்ளே போவேன். தூசு ஆகாது என்ற விதியில் எனக்குக் குறையில்லை. யாரும் சொல்லாமலே நீற்றை நானே கழுவிக்கொண்டேன். கதவருகே நின்று அதை வேடிக்கை பார்த்த துறைத்தலைவரைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. “சாமியாரே, உங்க ஈசனை வெளியில வுட்டுட்டு வாங்க. பூச்சு ஜாஸ்தி, வேலை கம்மி” என்பார். உள்ளே இருப்பவர்கள் சிரிக்கும்வரை காத்திருப்பார்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது தொலை அகச்சிவப்பு ஒளியை உணரும் கருவி. கண்ணுக்குப் புலப்படாத அவ்வொளி, விண்மீன்கள் பிறக்கும் குளிர்ந்த தூசு மேகங்களிலிருந்து வருவது. அதைப் பிடிக்க, காலியம் என்ற உலோகம் மிகச் சிறிதே கலந்த, ஜெர்மானியம் என்னும் தனிமத்தின் படிகம் வேண்டும், மிளகளவுதான் இருக்கும். கவ்வியில் வைத்துத் திருகாணியால் அழுத்தினால், அதுவரை உணராத நெடிய அலைகளுக்கும் அது விழித்துக்கொள்ளும். துன்பத்தில் விழிப்பு வருவதைப் பாடும் பதிகங்களிலே வளர்ந்த எனக்கு அது விளங்கச் சிரமமாக இல்லை. ஆனால் முழு அழுத்தத்தையும் முன்னதாகவே கொடுத்துவிடக் கூடாது. திரவ ஹீலியக் கலனுக்குள் குளிரும்போது கவ்வி சுருங்கி, மீதியைத் தானே கொடுக்கும். அந்த மீதிக்கு இடம் விட்டு நிறுத்துவதே எங்கள் தொழில்.

பலூனில் ஏற்றி வானுக்கு அனுப்பவிருந்த கருவிக்கு, நான் அறுத்து மெருகிட்ட படிகம் தேர்வாயிற்று. குளிரூட்டுவதற்கு முந்தைய பிற்பகலில் தலைவர் வந்தார். அறையில் நாங்கள் இருவர் மட்டும். என் கையிலிருந்த திருகுச் சாவியை வாங்கி, திருகாணியை மேலும் திருகினார்.

“குளிர்ல நசுங்கிடுங்க சார்” என்றேன்.

“எனக்கே பாடமா? தேவாரம் பாடுற எடத்துல போய்ப் பாடுங்க.”

குளிரூட்டிய கலனைத் திறந்தபோது படிகம் இரண்டாகப் பிளந்திருந்தது.

விசாரணைக் கூட்டத்தில் தலைவர் என்னைப் பார்க்காமலே பேசினார். என் நெற்றியிலிருந்து உதிர்ந்த ஒரு நீற்றுத் துணுக்கு படிகத்தின் அடியில் சிக்கி, அழுத்தத்தைச் சீர்கெடுத்துவிட்டது என்றார். அப்படியும் படிகம் உடையக்கூடும் என்பதால் எல்லாரும் தலையாட்டினார்கள். அவர் திருகியதைச் சொன்னேன். பழியைத் தள்ளிவிடப் பார்ப்பவன் என்று குறித்துக்கொண்டார்கள். என்னை எரிவாயு உருளைகள் வாங்கும் பிரிவுக்கு அனுப்பினார்கள். வேறொருவரின் படிகம் வானேறி அந்த மேகங்களைக் கண்ட செய்தியை, ஊரார் படித்ததுபோல் நானும் நாளிதழில் படித்தேன். ஓய்வு பெறும்வரை எந்தக் கலனையும் என்னைத் திறக்க விடவில்லை.

இப்போது நான் அண்ணாமலையின் அடிவாரத்தில், வேங்கிக்காலில் வசிக்கிறேன். அந்தத் தலைவரும் ஓய்வு பெற்று இங்கேயே செங்கம் சாலையில், ஆசிரமத்துக்கு அருகே அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். நெற்றி நிறைய நீறு, கழுத்தில் உருத்திராக்கம். சென்ற பௌர்ணமிக்கு அடி அண்ணாமலைத் தேநீர்க் கடையில் என் பெஞ்சிலேயே வந்து உட்கார்ந்தார்.

“ரெண்டு சாமிங்களும் பழக்கமாங்க?” என்றார் கடைக்கார அம்மா.

“ஒரே ஆபீசும்மா. இவரு எங்கிட்ட தொழில் கத்துகிட்டவரு.”

“எங்க நிறுத்தணும்னு கத்துகிட்டேன்மா. அது இவருகிட்ட கத்துகிட்டது இல்ல” என்றேன்.

அந்த அம்மா சிரித்துக்கொண்டே பால் காய்ச்சப் போனார். தலைவர் என் பக்கம் சாய்ந்து குரலைத் தணித்தார்.

“திருகினது நான்தாங்க. உங்களுக்குத் தெரியும், அந்த அருணாசலனுக்கும் தெரியும். அது போதாதா? நீங்க பத்திரிகைக்கு எழுதுறீங்களாம். இத மட்டும் எழுதிடாதீங்க. எம் பசங்க படிப்பாங்க.”

என் காதில் மட்டும் விழும்படி சொன்ன ஒப்புதல் அது. பழி சுமத்தியபோது கூடம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். இறைவன் அறிவான் என்பது அன்றும் எனக்குத் தெரியும். அவன் அறிவான் என்ற ஒன்றை வைத்தே எஞ்சிய பணிக்காலத்தைக் கடந்தேன். அதைத் தம் மறைவிடமாக்கிக்கொள்ள இவருக்கு என்ன உரிமை? எழுந்து நடந்தேன்.

எழுதிவிட்டேன். அவர் பெயரை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறேன். அதை மன்னிப்பென்று அவர் கொள்ள வேண்டாம். அவருடைய பிள்ளைகள் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை.